முதலில் முள், கடைசியில் ராடு

தூண்டில் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் எதைக் கையில் எடுக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? ராடைத்தான். எடுத்து நாலு தடவை காற்றில் வீசுவார், நுனியை வளைத்துப் பார்ப்பார், விலை கேட்பார். அடுத்தது ரீல். கொண்டுபோன காசில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். கடைக்காரர் பையில் போட்டுக் கட்டும் நேரத்தில்தான் ஞாபகம் வரும்: "அண்ணா, முள்ளு ஒரு பாக்கெட் போடுங்கணா." எந்த முள், என்ன நம்பர், எந்த மீனுக்கு என்ற பேச்சே கிடையாது.

மீனுக்கு உங்கள் ராடு என்ன கம்பெனி என்று தெரியாது. அதன் வாய்க்குள் போவது இரை, முள், அதை ஒட்டிய ஒரு முழம் நரம்பு. அவ்வளவுதான். அதனால் வாங்குவதும் அந்த வரிசையில்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரையை முடிவு செய்யுங்கள். அந்த இரைக்கு முள், அந்த முள்ளுக்கு நரம்பு, அந்த நரம்புக்கு ராடு. மீனின் வாயில் தொடங்கிக் கைக்கு வந்து சேருங்கள்.

இந்தப் பதிவு செத்த மீனை இரையாகக் கோத்து விரால், கெளுத்தி பிடிப்பதைப் பற்றி. மண்புழுவில் கெண்டை பிடிப்பதும் மைதா உருண்டையில் ரோகு பிடிப்பதும் வேறு கதை. "சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிறான்" என்று அரசியலுக்கும் வியாபாரத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதை நிஜமாகவே தண்ணீரில் செய்வதற்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று பார்ப்போம்.

நம்ம ஊர்த் தண்ணீர்

உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். அவற்றில் சொல்லப்படும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த ஆட்களை வைத்திருந்த ஊர் இது. ஊரின் பெரிய ஏரிக்குப் பல்லவர் காலத்திலேயே வைரமேகத் தடாகம் என்று பேர். அதைத் தவிர, சுற்றுப்பட்டு ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரியாவது உண்டு. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் தூரமில்லை. சரணாலயத்தில் நாம் தூண்டில் போட முடியாது. ஆனால் அங்கே கூடு கட்டும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் நம் ஏரிகளுக்கு வந்து மீன் பிடித்துக்கொண்டு போகும். அவற்றுக்கு ராடும் வேண்டாம், குத்தகைதாரர் அனுமதியும் வேண்டாம்.

ஆறு என்றால் செய்யாறு. ஜவ்வாது மலையில் பிறந்து, மாகறல் பக்கமாக ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல்தான். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்தால் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்த பிறகு அங்கங்கே மடுக்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஏரிகளின் கலங்கல் வழியாகத் தப்பி வந்த மீனெல்லாம் அந்த மடுவில்தான் இருக்கும். தையிலிருந்து பங்குனி வரை நம் பக்கத்து ஆற்றுத் தூண்டில் என்பது இந்த மடுத் தூண்டில்தான்.

பைக் மீனும் நம்ம விராலும்

செத்த மீனைக் கோத்துத் தூண்டில் போடுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். அங்கே ஆறுகளில் பைக் என்று ஒரு வேட்டை மீன். வாத்து மூக்கு மாதிரி தட்டை மூஞ்சி, வாய் நிறைய உள்பக்கம் சாய்ந்த பற்கள். புதரோரம் அசையாமல் கிடந்து, இரை பக்கத்தில் வந்ததும் பாயும். அதற்கு மத்தி, கானாங்கெளுத்தி வகைக் கடல் மீன்களைச் செத்த இரையாக ஆற்றின் அடியில் கிடத்தி வைப்பார்கள். குளிர்காலத்தில் பைக் ஓடியாடி வேட்டையாடாது. சும்மா கிடக்கும் பிணத்தை வாசனை பிடித்து வந்து எடுத்துக்கொள்ளும்.

பதுங்கிப் பாய்வதில் நம் விராலும் அதே ஜாதிதான். ஆனால் இரண்டு விஷயத்தில் வேறு. நம் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பு, அதனால் விரால் எப்போதும் சுறுசுறுப்பு. அது வாசனையைவிட அசைவைத்தான் நம்பும். கிடக்கிற பிணத்தை எப்போதாவது எடுக்கும். அசைகிற பிணத்தை அடிக்கும். இரண்டாவது, விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன். மேலே வந்து வாய் திறந்து காற்றைக் குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால்தான் ஏரி வற்றினாலும் சேற்றுக்குள் உயிரோடு கிடக்கிறது, சந்தையில் ஈரச் சாக்கில் துள்ளுகிறது. தூண்டில்காரனுக்கு இதில் ஒரு லாபம்: மீன் தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். கரையில் பேசாமல் உட்கார்ந்து பார்த்தால், கோரை ஓரத்தில் எங்கே தண்ணீர் புரள்கிறது என்று தெரியும். அந்த இடத்துக்குத்தான் இரை போக வேண்டும்.

நம் ஊர்த் தூண்டிலைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகம் போட்டார். அது போதாதென்று நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று தனியாக ஒன்று எழுதினார். மலையாற்று மகசீர்தான் வேட்டை என்றிருந்த துரைமார்களுக்கு, ஊர் ஏரியும் பார்க்கத் தகுந்ததுதான் என்று சொன்ன மனிதர்.

இரை

எங்கள் பக்கத்தில் விராலுக்குப் பழைய இரை உயிருள்ள தவளை. மாலையில் ஏரிக்கரையோரம் குச்சிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு தவளையைக் கட்டித் தொங்கவிட்டுப் போவார்கள். விடியற்காலையில் வந்து பார்ப்பார்கள். பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பச்சைத் தவளை வயல் பூச்சியைத் தின்கிற ஜீவன். வெளிநாட்டுக்குத் தவளைக்கால் அனுப்பி அனுப்பித் தவளையே அருகிப்போய், 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. நெல் போடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தவளையைப் பிடித்து முள்ளில் குத்த எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பதில் நம்மிடம் தீராத சரக்கு ஒன்று இருக்கிறது: ஜிலேபிக் குஞ்சு. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன். இன்றைக்கு அது இல்லாத குட்டை அபூர்வம். ஆள்காட்டி விரல் நீளத்தில் பார்த்து எடுங்கள். முதுகு முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுங்கள். கல்லுப்பில் ஒரு ராத்திரி போட்டு வைத்தால் சதை இறுகும். வீசும்போது முள்ளிலிருந்து பிய்ந்து போகாது. உப்பு போட்டதை ஃப்ரீசரில் வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் (வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு).

உயிருள்ள குஞ்சைவிடச் செத்த குஞ்சு நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஏரியில் பிடித்த உயிர்மீனை இன்னோர் ஏரியில் இரையாகப் போடும்போது, முள்ளிலிருந்து நழுவியது அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். ஜிலேபியும் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புதுத் தண்ணீருக்குள் போக நாம் வழி செய்யக் கூடாது.

கெளுத்திக்கு என்றால் கதை மாறும். அது மீசையால் தடவி, வாசனையால் தேடுகிற மீன். அதற்கு எண்ணெய் கசியும் மத்தித் துண்டு, அல்லது கோழிக்குடல். செய்யாற்று மடுவில் இருட்டின பிறகு அடியில் கிடத்தி வைத்தால் போதும், அசைக்கவே வேண்டாம். பைக் பிடிக்கிறவர்களின் முறை நம் ஊரில் சரியாக ஒட்டுவது கெளுத்திக்குத்தான்.

முள்

முள் நம்பரில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புவார்கள். 8, 6, 4, 2, 1 என்று நம்பர் குறையக் குறைய முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று திரும்பி ஏறும்; இங்கே நம்பர் கூடக் கூட முள் பெரிது.

விராலுக்கு விரல் நீள ஜிலேபிக் குஞ்சு என்றால், வாய் அகன்ற ஒற்றை முள் 1/0 அல்லது 2/0. கெளுத்திக்கு மத்தித் துண்டு என்றால் 2 அல்லது 1 போதும். பைக் பிடிக்கிறவர்கள் மும்முள் இரண்டை ஒரே இரையில் கோப்பார்கள். அதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கே வாங்காதீர்கள். அவர்கள் போடுவது ஆற்றின் திறந்த அடியில். நம் விரால் இருப்பதோ கோரை, சம்பு, வேலம்பாசி, ஆகாயத்தாமரைக்கு நடுவில். மும்முள் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு கட்டுப் பாசியைத்தான் இழுத்து வரும். மாட்டின மீனிடமிருந்து கழற்றுவதும் பெரும்பாடு.

விராலின் வாய் எலும்பும் கெட்டித் தோலும். அதனால் முள்ளின் கனத்தைவிடக் கூர்மை முக்கியம். கட்டைவிரல் நகத்தின் மேல் நுனியை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மொட்டை, கீறி நின்றால் கூர். நார்வேயின் மஸ்டாட் கம்பெனி 1877இலிருந்து தூண்டில் முள் செய்கிறது. நல்ல கம்பெனி முள்ளுக்கும் பேர் தெரியாத முள்ளுக்கும் விலை வித்தியாசம் ஒரு டீக்காசுதான். ராடில் ஆயிரக்கணக்கில் போடுகிறவர் முள்ளில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கோப்பதில் இரண்டு முறை. இழுத்து அசைக்கப் போகிறீர்கள் என்றால், கீழ்த்தாடையிலிருந்து மேலுதடு வழியாக முள் வெளியே வர வேண்டும். அப்போதுதான் செத்த குஞ்சு நேராக நீந்தி வரும். கிடத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் வால் அடியில் கோருங்கள். மீனில் கெட்டியான சதை அங்கேதான், வீச்சுக்குத் தாங்கும். வேட்டை மீன் இரையைத் தலைப்பக்கமிருந்து விழுங்குவதால் நரம்பும் இடைஞ்சல் செய்யாது. அடியில் கிடக்க வேண்டிய குஞ்சின் காற்றுப்பையில் ஊசியால் ஒரு குத்து, இல்லாவிட்டால் மிதக்கும். பாசிக்கு மேலே நிற்க வேண்டுமானால் குத்தாமல் விடுங்கள்.

லீடரும் நரம்பும்

முள்ளுக்கு அடுத்த ஒரு முழம்தான் லீடர். பைக் மீனுக்கு எஃகுக் கம்பி இல்லாமல் போடவே கூடாது. அதன் பல் நைலானை நறுக்கிவிடும். விராலுக்கும் பல் உண்டு, விரலை விட்டால் ரத்தம் வரும். ஆனால் நல்ல தடிமன் நைலானை அறுக்கும் பல் இல்லை. எஃகுக் கம்பி போட்டால் இரை விறைத்துப் போய் அசைவே கெட்டுவிடும். 0.50 மில்லிமீட்டர் நைலான் ஒரு முழம் போதும்.

மெயின் நரம்புக்கு நம் ஊர்ப் பேர் தங்கூஸ். நைலான் தங்கூஸ் மலிவு, முடிச்சு சுலபம். ஆனால் இழுத்தால் நீளும். இருபது முப்பது மீட்டர் தள்ளி மீன் கவ்வும்போது நீங்கள் கொடுக்கும் வெட்டு (முள் ஏறச் சுண்டி இழுப்பது), நரம்பின் நீட்சியிலேயே கரைந்துபோகும். பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, நீளவே நீளாது. அதே பலத்துக்கு நைலானில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். கோரைக்குள்ளிருந்து விராலை இழுக்க 30 பவுண்டு பிரெய்டு. பாசி அதிகமானால் 40. விரால் கனத்துக்காக இவ்வளவு வேண்டியதில்லை, நம் ஏரியில் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ மீன்தான் சாதாரணம். அந்த மீன் தலையில் சுற்றிக்கொண்டு வரும் பாசியின் கனத்துக்குத்தான் இந்த பலம்.

ஆற்றில் மட்டும் பிரெய்டுக்கு ஒரு எதிரி உண்டு. செய்யாற்று மணல் பருமணல். நரம்பு அதில் உரசி உரசி நார் எழும்பும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். மடுவில் கெளுத்திக்கு மட்டும்தான் என்றால் 0.40 நைலானே போதும். அடியில் கிடத்துகிற வேலைக்கு அது நீள்வதால் நஷ்டமில்லை.

ஈயமும் தக்கையும்

ஏரியில் விராலுக்கு ஈயமே வேண்டாம். குஞ்சின் கனமே வீச்சுக்குப் போதும். கோரை இடைவெளியில் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டுமானால் ஒரு தக்கை. மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டுவது பழைய வழக்கம், ஆனால் அது கெண்டைக்கும் மண்புழுவுக்கும் சரி. ஜிலேபிக் குஞ்சைச் சுமக்க தெர்மாகோல் தக்கை, எலுமிச்சம்பழம் அளவு. தக்கை நின்ற இடத்தில் நின்றால், நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு சாண் இழுத்து விடுங்கள். செத்த குஞ்சுக்கு உயிர் வரும்.

ஆற்றில் தண்ணீர் ஓடுகிறபோது கதை வேறு. உருண்டை ஈயம் மணலில் உருண்டு கரைக்கே வந்துவிடும். தட்டை ஈயம் வாங்குங்கள், 20 முதல் 40 கிராம். அதை முடிச்சுப் போட்டுக் கட்டாமல், ஓட்டை வழியாக நரம்பு ஓடும்படி விடுங்கள். கெளுத்தி இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு ஈயத்துக்குள் வழுக்கிப் போகும். கனம் தெரிந்தால் துப்பிவிடும் மீன், தெரியாமல் விழுங்கும். ஆனால் அதிக நேரம் விட்டால் முள் தொண்டைக்குள் போய்விடும். நரம்பு இரண்டு சாண் ஓடியதும் சுண்டி இழுங்கள்.

இப்போது ராடு

மேலே சொன்னதையெல்லாம் முடிவு செய்தாயிற்று என்றால் ராடு தானாகத் தீர்மானமாகிவிடும். 30 பவுண்டு பிரெய்டு, 2/0 முள், எலும்பு வாய், கோரைக் காடு. இதற்கு ஏழடி ராடு, நுனி கொஞ்சம் வளைந்து, நடு விறைப்பாக இருப்பது. நுனி வளைந்தால்தான் ஈயமில்லாத குஞ்சை வீச முடியும். நடு விறைப்பாக இருந்தால்தான் வெட்டு தாடையில் ஏறும். ரீல் 3000 அளவு. டிராக்கை, அதாவது நரம்பை ஓடவிடாமல் பிடிக்கும் ரீலின் பிடியை, இறுக்கியே வையுங்கள். ஏரியில் விராலை ஓடவிட்டால் கோரைக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆற்று மடுவுக்குத் தனி ராடு வேண்டுமென்றால் ஒன்பது பத்தடி. கரை மணல் சரிவுக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க நீளம் உதவும்.

காசில்லையா? கல்மூங்கில் கழி ஒன்று, பத்துப் பன்னிரண்டு அடி. நிழலில் காய்ந்தது, கணுக்கள் நெருக்கமானது. கழி நீளத்துக்கே தங்கூஸ், முனையில் நல்ல முள். எங்கள் ஊரில் தாத்தா ஒருவர் இருக்கிறார். பிரம்மாண்டமான ராடோடு வந்த பையனிடம் அவர் கேட்டது இது: "இன்னா தம்பி, மீனு எங்க கீது, நீ எங்க எறியற?" பையன் நடு ஏரிக்கு வீசிக்கொண்டிருந்தான். விரால் அவன் காலடிக் கோரையில் புரண்டது. தாத்தா கழியை நீட்டி, குஞ்சை அந்தப் பொந்தில் மெல்ல இறக்கினார். அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சாமான் வாங்கச் சென்னை பாரிமுனைப் பக்கம் போனால் கண் கூசும். போவதற்கு முன்பு ஒரு துண்டுச் சீட்டில் மீன், இரை, முள் நம்பர், லீடர் தடிமன், நரம்பு பவுண்டு, ஈயம் என்று இதே வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். ராடும் ரீலும் கடைசி வரியில்.

வீசும் முன்

ஏரி மீன் பாசி ஏலம் எடுத்தவர் யார் என்று விசாரித்து, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வாங்கி விட்டது அவர் காசு. விரால் தூண்டில்காரனிடம் பெரும்பாலும் "போட்டுக்கோப்பா" என்பார்கள், ஏனென்றால் விரால் அவர்கள் விட்ட குஞ்சுகளைத் தின்கிறது. செய்யாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. மடு ஓரத்தில் இறங்கி நின்று வீச வேண்டாம்.

மழைக்காலத்தில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் ஒன்று கொப்பளித்துக்கொண்டு நகர்வதைப் பார்ப்பீர்கள். அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எதைப் போட்டாலும் பசியில்லாமலே பாய்ந்து அடிக்கும், கோபத்தில். அதைவிடச் சுலபமான விரால் உலகத்தில் கிடையாது. அதை மட்டும் பிடிக்காதீர்கள். காவல் போனால் அரை நாளில் அத்தனை குஞ்சையும் கெண்டையும் குறவையும் தின்று தீர்த்துவிடும். "விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரி" என்ற பழமொழி ஏரியிலேயே பலித்துவிடும். பிறகு நீங்கள் எவ்வளவு நல்ல முள் வாங்கி என்ன, ராடு வாங்கி என்ன?